மழை பெய்தால் கூலி இல்லை

கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் பணத்தைப் பற்றிப் பேச யாரையாவது அழைத்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. "நம்மவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது. சீனரைப் பாருங்கள்." நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் தலையாட்டுகிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. அப்படித் தலையாட்டும் பெண்களில் பலர், வருமானம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்றே தெரியாமல் நான்கைந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் கோலாலம்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். செந்தூலில் குடியிருக்கிறேன். வளர்ந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒருவர் சிக்கனமா, ஊதாரியா, கடனுக்குப் பயப்படுகிறவரா என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுக்குப் பணம் எப்படி வந்தது, சொன்னபடி வந்ததா என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை என் வீட்டை வைத்தே சொல்கிறேன்.

அப்பா அம்மா இருவரும் பால் வெட்டினார்கள். விடியும் முன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் மர வரிசையான நிரைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்குவார்கள். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் வெட்டிய கோட்டின் வழியே, மங்கு என்ற பால் கோப்பைக்கு இறங்காமல் ஈரப் பட்டையில் பரவி வீணாகும். மங்கில் விழுந்த கொஞ்சமும் மழைத்தண்ணீரோடு நிரம்பி வழிந்துவிடும். அதனால் விடியற்காலையில் மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் கூலியும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்க்கும்போது பால் குறையும். வருட இறுதி மழை போய், அடுத்தது இது.

இரவில் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். எங்களுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அது கணக்கு. இந்த மாதம் எத்தனை நாள் போயிற்று, கடைக்கு எவ்வளவு குறையும், எந்தச் செலவை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்று இருட்டில் உட்கார்ந்தபடியே கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். பள்ளியில் ஏதாவது கட்டணம் கேட்டால், அந்த வாரம் எத்தனை நாள் மழை என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வீட்டில் வாயைத் திறப்போம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டைப் பார்த்துப் பார்த்து நாங்களாகவே கற்றுக்கொண்டோம்.

கடையில் எல்லாம் 555 புத்தகத்தில்தான் ஓடியது. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு மலேசியாவில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். கடைக்காரரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று. அரிசி, மாவு, பால்டின், சவர்க்காரம் எல்லாம் அதில் ஏறும். சம்பளம் போட்ட அன்று அப்பா நேராகக் கடைக்குப் போய் அடைப்பார். முழுதாக அடைத்த மாதம் உண்டு. பாதி அடைத்துவிட்டு, மறுபாதியைப் பழைய பாக்கி என்று புதுப் பக்கத்தின் தலையில் எழுதிக்கொண்டு வந்த மாதம்தான் அதிகம். அந்த நோட்டில் பெயர் கெட்டால் அடுத்த மழை மாதத்தில் அரிசி கிடைக்காது. ஆகவே கையில் மிஞ்சிய காசை வங்கியில் போடுவதைவிட, கடைப் பாக்கியைக் குறைத்து வைப்பதுதான் எங்களுக்குச் சேமிப்பு. வங்கிப் புத்தகத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தச் சேமிப்பு கண்ணில் படாது.

எனக்கு இன்று மாதச் சம்பளம். மழை பெய்தாலும் வருகிறது. ஆனாலும் சம்பளம் ஏறிய அன்று முதல் வேலையாக அரிசி மூட்டையும் எண்ணெயும் வாங்கி வீட்டில் வைத்துவிடுவேன். அப்புறம்தான் மற்றது. கல்யாணமான புதிதில் என் கணவர் இதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

அவர் வளர்ந்தது இதே செந்தூலில், ரயில்வே குவார்ட்டர்ஸில். மாமனாருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. கேடிஎம் என்ற மலாயா ரயில்வே 1992இல் நிறுவனமாக்கப்படும் வரை அரசாங்க இலாகாவாக இருந்தது. சம்பளம் மாதாமாதம் சொன்ன தேதியில் வரும். உடம்புக்கு முடியாமல் படுத்தாலும் வரும். ஓய்வு பெற்ற பிறகு பென்ஷன், அவருக்குப் பின்னால் அத்தைக்கும் பென்ஷன். அரசாங்க ஊழியர்களுக்கான வீட்டுக் கடன் 4 விழுக்காடு வட்டியில் கிடைத்தது. மாமனார் அதில்தான் வீடு வாங்கினார். அந்த வீட்டில் கடன் என்பது சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று வரும் ஒரு வரி, அவ்வளவுதான். யாரும் அதற்காகத் தூக்கம் கெட்டதில்லை.

நாங்கள் சொந்த வீடு வாங்கப் போனபோது இந்த இரண்டு வளர்ப்பும் நேருக்கு நேர் நின்றன. முப்பது வருடக் கடன் என்று கேட்டதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"ஏங்க, இவ்வளவு பெரிய கடனா?"

"லோன் இல்லாம யார் வீடு வாங்குறாங்க? மாசாமாசம் சம்பளத்துல போயிடும்."

"சம்பளம் வரலைன்னா?"

"ஏன் வராது?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். சம்பளம் வராத ஒரு மாதத்தை அவர் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் சம்பளம் முழுதாக வந்த மாதங்களை விரல் விட்டு எண்ணலாம். இன்று ஒரே நகரம், ஒரே மொழி, ஒரே கோயில் என்றாலும் அவரும் நானும் வேறு வேறு நாட்டில் வளர்ந்த மாதிரிதான். அன்றிலிருந்து எங்களுக்குள் பணத்தைப் பற்றி வாக்குவாதம் வந்தால், "இது உங்க அப்பா சம்பளம் பேசுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். கோபம் பாதி அடங்கிவிடுகிறது.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து மக்களின் பணப் பழக்கத்தில் பாதி அதில்தான் அடங்கியிருக்கிறது. லயம் என்ற வரிசை வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலை முடிந்தாலோ தோட்டம் கைமாறினாலோ, பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கள் தோட்டமும் விற்கப்பட்டது. அப்பாவுக்கு 55 வயதானதும் இபிஎப் என்ற ஊழியர் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்துவிட்டார். அந்த நிதி 1951இலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. 55 வயதில் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். "எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள், அப்புறம் பிள்ளைகள் கையை எதிர்பார்க்கிறார்கள்" என்று மேடையில் சொல்வது அப்பாவைப் போன்றவர்களைத்தான். அப்பா அதை எடுத்துத்தான் மலிவு விலை வீடு வாங்கினார். 1982 முதல் அந்த வீடுகளுக்கு அரசாங்கம் வைத்த உச்ச விலை 25,000 வெள்ளி, அதாவது ரிங்கிட். வாழ்நாளெல்லாம் உழைத்த பணம் போய், யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத நான்கு சுவர்கள் வந்தன. ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஈவு போயிற்று என்று அதற்குக் கணக்குப் போடலாம், நானே போட்டுக் காட்டுவேன். ஆனால் வீடே இல்லாதவருக்கு அந்தக் கணக்கு எதற்கு?

நகைக்கு வருகிறேன். நம் பெண்கள் தங்கத்தில் பணத்தைப் பூட்டி வைக்கிறார்கள், கூலி சேதாரம் என்று நஷ்டப்படுகிறார்கள் என்பது இன்னொரு குறை. சேதாரம் உண்மைதான். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சங்கிலி வாங்கி அன்றே திருப்பி விற்றால் போட்ட பணம் வராது. ஆனால் அம்மா நகையை விற்கத்தான் வாங்கினாரா? தீபாவளி முடிந்து இரண்டு மாதத்தில், ஜனவரியில் பள்ளி திறக்கும். நான்கு பிள்ளைகளுக்குச் சட்டை, சப்பாத்து, புத்தகப் பை. வருட இறுதி மழையில் கூலி குறைந்திருக்கும். அம்மா வளையலைக் கழற்றிக்கொண்டு சீனர் அடகுக் கடைக்குப் போவார். 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வட்டி, மீட்க ஆறு மாதம். ஆயிரம் வெள்ளிக்கு மாதம் இருபது. சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், ஜாமீன் கேட்க மாட்டார்கள், காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள். மீட்க முடியாமல் போனால் நகையோடு போயிற்று. வீட்டுக் கதவில் யாரும் சிவப்புச் சாயம் ஊற்ற மாட்டார்கள். ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரிடம் கடன் பட்டு அப்படிச் சாயம் வழிந்த கதவுகளை நான் செந்தூலில் பார்த்திருக்கிறேன். வங்கி உள்ளே விடாத ஒரு பெண்ணுக்கு அந்த வளையல்தான் வங்கி. கையிலேயே இருக்கும், மூடுவிழா கிடையாது.

கூட்டு என்ற சீட்டும் அப்படித்தான். லயத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஐம்பது வெள்ளி போடுவார்கள், மாதம் ஒருவர் ஐந்நூறை எடுப்பார். கூட்டு நடத்துவதை வியாபாரமாகச் செய்யக் கூடாது என்று 1971இலேயே சட்டம் வந்துவிட்டது, ஏமாற்றி ஓடியவர்கள் இருந்ததுதான் காரணம். என்றாலும் பெண்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்காவது வீட்டு அக்கா எங்கே ஓடிவிடுவார் என்ற நம்பிக்கைதான்.

நம்பிக்கை என்ற இந்த விஷயத்தில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. குழந்தைகளுக்கு முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்தால் இரண்டாகத் தருகிறேன் என்று சொல்லும் பழைய சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருக்கும் பிள்ளை வாழ்க்கையில் முன்னேறும் என்று மேடையில் அடிக்கடி சொல்வார்கள். 2013இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். மிட்டாயை வைப்பதற்கு முன்னால், படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் பெரியவர் ஒருவர் சொன்னார். சில பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார், சிலருக்கு வெறுங்கையோடு வந்தார். அப்புறம்தான் மிட்டாய்ச் சோதனை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் சுமார் மூன்று நிமிடம். ஒரே வயது, ஒரே அறை, ஒரே மிட்டாய். சில நிமிடங்களுக்கு முன்னால் பட்ட ஒரு சின்ன ஏமாற்றம் நாலில் மூன்று பங்குப் பொறுமையைக் கொண்டுபோய்விட்டது. நான்கு தலைமுறையாக ஏமாந்தவர்களைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்றும் அதே 2013இல் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாமல் இருந்தபோது ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு முறையும், அதே விவசாயிகளுக்கு மூளைக்கு வேலை தரும் சோதனைகள் வைத்தார்கள். பணம் வந்த பிறகு அவர்கள் தெளிவாகவே நன்றாகச் செய்தார்கள். பற்றாக்குறை ஒரு மனிதனின் யோசனையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இருட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட அம்மாவுக்கு, எங்கள் பள்ளிப் பாடத்தை உட்கார்ந்து பார்க்க ஏன் முடியவில்லை என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

1980களில் நம் சமூகத்தைப் பொருளாதாரத்தில் தூக்கி நிறுத்தப் போவதாகச் சொல்லி, தோட்டம் தோட்டமாக வந்து ஒரு நிறுவனத்துக்குப் பங்குப் பணம் திரட்டினார்கள். அம்மா சங்கிலியை விற்றுப் போட்டார். எங்கள் லயத்தில் அப்படிப் போட்டவர்கள் நிறைய. வருடங்கள் போயின, சொன்னது எதுவும் நடக்கவில்லை. "பங்கு" என்று யாராவது வாயைத் திறந்தால் அம்மா இன்றும் எழுந்து உள்ளே போய்விடுவார். உல்ரிகே மால்மெண்டியர், ஸ்டீஃபன் நேகல் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்களில் காட்டுகிறது. தங்கள் வாழ்நாளில் பங்குச் சந்தை படுத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள், பல ஆண்டுகள் கழித்தும் பங்கு வாங்கத் தயங்குகிறார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கை வைத்துச் சொன்னது அது. அம்மாவைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதை நம் மேடைகளில் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். அப்போதுதான் 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே காசு போட்டுத் தோட்டத்தை வாங்குவது என்பது திட்டம். மாதம் பத்து வெள்ளி, நூறு வெள்ளி சேரும்வரை. அன்றைய தினக்கூலியில் பத்து வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. அவர் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசினார். சேமிக்கத் தெரியாது என்று இன்று யாரைச் சொல்கிறோமோ, அவர்களுடைய தாத்தா பாட்டிகள் மாதாமாதம் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார்கள். அதில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சங்கம் இன்றும் இருக்கிறது, கோலாலம்பூரில் அவர் பெயரில் கட்டடமும் இருக்கிறது.

மழை அப்போதும் பெய்தது. கூலி இன்னும் குறைவு. ஆனாலும் கட்டினார்கள். எதற்காகக் கட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கேட்டவர் எதிரில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒழுக்கம் போதாது, பட்ஜெட் போடுங்கள், காப்பிக் காசை மிச்சம் பிடியுங்கள் என்று வகுப்பெடுக்கிறவர்கள் இந்த ஒரு வரலாற்றை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வளர்ப்பு நல்லது மட்டுமே செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. என் தம்பி லாரி ஓட்டுகிறான். ஓடிய நடைக்குத்தான் காசு. கோவிட் காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் நடை நின்றுபோனது. இபிஎப்பில் எடுக்கலாம் என்று அறிவித்த ஒவ்வொரு முறையும் எடுத்தான். 2020 முதல் 2022 வரை நான்கு திட்டங்களில் நாடு முழுவதும் உறுப்பினர்கள் எடுத்தது 145 பில்லியன் வெள்ளி. தம்பியின் கணக்கில் இப்போது மிச்சம் சொல்லும்படி இல்லை. அவசரத் தேவை தீர்ந்த பிறகும் அவன் கடைசி முறை எடுத்தான். "இருக்கும்போது எடுத்துக்கணும்க்கா, அப்புறம் குடுப்பானுங்களான்னு யாருக்குத் தெரியும்" என்றான். தோட்டம் விற்கப்பட்டபோது அவனுக்குப் பத்து வயதுகூட இல்லை. பெட்டி படுக்கையை லாரியில் ஏற்றியது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவனிடம் கூட்டு வட்டிக் கணக்கை மட்டும் காட்டி மனசை மாற்றிவிட முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குப் பணம் என்பது கைப்பேசியில் உள்ள ஒரு எண். டச் என் கோ செயலியில் கட்டிவிட்டுப் போகிறாள். 555 புத்தகத்தை அவள் பாட்டியின் அலமாரியில்தான் பார்த்திருக்கிறாள். பிறகு கொடுக்கலாம் என்று தவணையில் பொருள் விற்கும் செயலிகள் அவளை விடாமல் கூப்பிடுகின்றன. என் பயத்தை அவளுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை, அவள் அப்பாவின் நிம்மதியை அப்படியே கொடுக்கவும் பயமாக இருக்கிறது. இன்று வேலைகள் அரசாங்கப் பட்டறை மாதிரி இல்லை, ஒப்பந்த வேலைதான் அதிகம். அதனால் வீட்டின் வரவு செலவு, கடன் பாக்கி எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே பேசுகிறோம். மாமனார் வீட்டிலும் சரி, எங்கள் லயத்திலும் சரி, பிள்ளைகளிடம் யாரும் எண்களைச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். துப்புரவு வேலை, தொழிற்சாலை வேலை செய்கிறவர்கள். இபிஎப் கணக்கைக் கைப்பேசியில் திறந்து பார்ப்பது, வாரிசு பெயர் கொடுப்பது, 2024 மே மாதத்திலிருந்து சேமிப்பு 75, 15, 10 விழுக்காடு என்று மூன்று கணக்காகப் பிரிவது எப்படி, இதையெல்லாம் சேர்ந்து பார்ப்போம். சேமிப்பது எப்படி என்ற பேச்சை நான் எடுப்பதே இல்லை. அவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தப் பணம் இருக்குமா?" முதலாளி மாதாமாதம் கட்டினாரா என்பதை வரி வரியாகக் காட்டுகிறேன். கட்டாத மாதம் இருந்தால் குறித்துக்கொண்டு எங்கே புகார் கொடுக்கலாம் என்று சொல்கிறேன். ஷரியா முறையில் சேராத வழக்கமான கணக்குக்கு வருடம் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, 2024க்கு 6.3 கொடுத்தார்கள் என்பதையும் காட்டுகிறேன். போன வாரம் வந்த அக்கா, பத்து விழுக்காடு போகும் அந்த மூன்றாவது கணக்கிலிருந்து ஐம்பது வெள்ளியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். நிஜமாகவே கொடுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். எடுத்துப் பார்த்தோம். வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது என்று இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார். மிச்சத்தை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். இந்த ஞாயிறு அவருடைய தங்கையும் வருகிறார்.